பொட்டு வைத்த பில்லியர்ட்ஸ் கோல்

நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி மஞ்சள் தடவி, அதன் நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார் என் அத்தான். பில்லியர்ட்ஸ் ஆடுகிற கோலுக்கு! சிங்கப்பூரிலிருந்து வந்த கோல் அது. வெளிறிய மரம், நூல் பிடித்ததுபோல் நேர், நுனிப்பக்கம் என் சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. அதைத் திருநள்ளாறு கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்து, வீட்டுக்கு வந்து பொட்டு வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றி, மஞ்சள் துணியில் பொதிந்து பூஜை அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். அது நடந்து ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதைத் தாண்டியவர் இப்படிக் கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்கு என் அத்தானைத் தெரியாது.

அத்தான் என் அக்காவின் கணவர். கோட்டுச்சேரியில் உரக்கடை வைத்திருந்தார். அப்பா போனபோது நான் பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை. என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, கல்லூரியில் சேர்த்து, பிறகு காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக உட்கார வைத்தவர் அவர்தான். நல்லவர். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு செரிக்காது. ஆனால் நல்லவர்களிடம் மாட்டிக்கொள்வது பெரிய கஷ்டம். கெட்டவன் என்றால் போடா என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவர் வீட்டில் சாப்பிட்டு, இவர் வாங்கிக் கொடுத்த சைக்கிளில் வேலைக்குப் போய், இவர் தீபாவளிக்கு எடுத்துத் தந்த சட்டையை வருடம் முழுக்கப் போட்டவன் நான். இருபத்தாறு வயதில் எனக்கு மீசை இருந்தது, அவரிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் மட்டும் இல்லை.

அலுவலகம் விட்டதும் நான் போகிற இடம் ஊரில் இருந்த ஒரு மன்றம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே பந்து விழும் பைகள் இல்லாத பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று கிடந்ததாம். நான் சேர்ந்தபோது அதை எடுத்துவிட்டு ஆறு பை வைத்த மேசையைப் போட்டிருந்தார்கள். மேசை மாறியதே தவிர கோல்களை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. நுனி பிளந்தால் ஊர்த் தச்சர் இரண்டு அங்குலம் அறுத்துவிட்டுப் புதுத் தோல் ஒட்டித் தருவார். முன்பக்கம் கூம்பி வருகிற கோலை அறுக்க அறுக்க நுனி தடித்துக்கொண்டே போகும். நான் எட்டு வருடம் ஆடிய கோலின் நுனி கட்டைவிரல் தடிமன் இருந்தது. அதில் என்ன சங்கடம் என்றால், வெள்ளைப் பந்தைச் சுழலவிட வேண்டும் என்று அதன் வலப்பக்கத்தில் தட்டினால், பந்து கோல் காட்டுகிற திசையில் போகாமல் கொஞ்சம் இடப்பக்கம் நழுவிப் போகும். நுனி எவ்வளவு தடிப்போ அவ்வளவு நழுவும். அதனால் அந்த நழுவலுக்கு இடம்விட்டு, வேண்டுமென்றே வலப்பக்கம் தள்ளிக் குறி வைக்க என் கண் பழகியிருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆடி ஆடி வந்தது. அந்தக் கோலை வைத்துக்கொண்டு காரைக்காலில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சேதி வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய கம்பெனி தன் பில்லியர்ட்ஸ் அணிக்கு ஆள் எடுக்கிறது. தேறியவருக்கு அலுவலகத்தில் நிரந்தர வேலை. மாதாமாதம், இந்த மாதம் நீட்டிப்பு வருமா என்று மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது சாதாரண சேதி இல்லை. போட்டிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. அத்தான் என்னைவிடக் குதித்தார். “அந்தக் கட்டையத் தூக்கிக்கிட்டா பாண்டிக்குப் போவ? நல்ல கோலா வாங்குவோம் மாப்ள” என்றார். சிங்கப்பூரில் பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஒருவர் கடைத்தெருவில் வெளிநாட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். அண்ணன் என்ற அர்த்தத்தில் ஊரே அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடும். அவரிடம் ஒரு கைப்பிடியும் அதில் திருகி மாட்டுகிற முன்கோல் மூன்றும் இருந்தன. மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்துக்கே எடுத்து வந்தார்.

அத்தானுக்கு முதல் பார்வையிலேயே பிடித்தது தடித்த முன்கோல். அடியில் முத்துச்சிப்பி பதித்த வளையம் மினுமினுத்தது. “கனமா இருந்தாத்தான் அடி ஒழுங்கா விழும்” என்றார், வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பந்தைத் தொடாதவர். நான் மேசையின் அந்தக் கோடியில், மெத்தை விளிம்பின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். இந்தக் கோடியில் வெள்ளைப் பந்தை வைத்து, கோட்டுக்கு நேராகக் கோலைப் பிடித்து, பந்தின் வலப்பக்கத்தில் தட்டினேன். மன்றத்துப் பழைய கோலில் பந்து கோட்டைவிட்டு நாலு விரற்கடை தள்ளிப் போய் முட்டியது. முத்துச்சிப்பிக் கோலிலும் ஏறக்குறைய அதே கதை. நடுத்தரமானதில் மூன்று. மெல்லிய முன்கோலைத் திருகி மாட்டித் தட்டினேன். ஒரு விரற்கடைகூட விலகவில்லை. நம்பாமல் பத்துத் தடவை தட்டிப் பார்த்தேன். பத்தும் அப்படித்தான். அந்த வயதில் அன்றைக்கு ஒருநாள்தான் அத்தான் முன்னால் வாயைத் திறந்தேன். “இதுதான் வேணும் அத்தான்” என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. “ஈர்க்குச்சி மாதிரி இருக்கே” என்றார். நானா என் பக்கம் நின்றார். “தம்பி எடுத்ததுதான் சரிங்க. ஆனா தம்பி, கோலு மாறுனா கண்ணும் மாறணும். ஒரு மாசம் இருக்குல்ல, தினம் ஆடுங்க. அல்லாஹ் லேசாக்கித் தருவான்” என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. இந்தக் கோலில் பந்து நழுவாது. ஆகவே நழுவலுக்கு இடம்விட்டுக் குறி வைக்கும் எட்டு வருடப் பழக்கத்தை என் கண் மறந்தாக வேண்டும். ஒரு மாதம் போதும் என்றே கணக்குப் போட்டேன்.

வெளியே வந்ததும் அத்தான் கோலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். “நீ சொன்னத நான் கேட்டேன்ல? இனிமே நான் சொல்றத நீ கேளு” என்றார். நல்ல காரியத்துக்கு வாங்கிய புதுப் பொருளை அந்தக் காரியத்துக்கு முன்னால் தொடக் கூடாதாம். தீபாவளிச் சட்டையை முதல் நாளே போட்டுப் பார்ப்போமா? கல்யாணத்துக்கு எடுத்த கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவோமா? “புதுசு புதுசாவே போவணும். முதல் அடி அங்க, அந்த மேசைலதான் விழணும். அப்பத்தான் ராசி நிக்கும்.” உரக்கடைக்கு வந்தவர்கள், அடுத்த வீட்டுக்காரர்கள், என் அலுவலகத்துத் தலைமை எழுத்தர், யாரைக் கேட்டாலும் அவர் சொல்வதுதான் சரி என்றார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குப் புதுப் பேனா வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்து அன்று காலையில் எடுத்துக் கொடுக்கிற ஊர் இது. பேனாவுக்குச் சரி. பேனா இடப்பக்கம் நழுவாது. இதை யாரிடம் போய் விளக்குவது?

அந்த ஒரு மாதம் நான் மன்றத்துப் பழைய கட்டையால்தான் ஆடினேன். ஒவ்வொரு நாளும் மறக்க வேண்டியதை மேலும் மேலும் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தே செய்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூஜை அறையைத் தாண்டும்போது அந்தப் பீரோவைப் பார்ப்பேன். இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன். அத்தான் கடையைச் சாத்திவிட்டு வந்து, “என்ன மாப்ள, கை எப்படி இருக்கு?” என்பார். நல்லா இருக்கு அத்தான் என்பேன். பழைய கோலையே பாண்டிக்கு எடுத்துப் போக மன்றத்தில் அனுமதி வாங்கினேன். கிளம்பும்போது அதைப் பார்த்த அத்தான், “ராசியான கோலு இருக்குறப்ப இது எதுக்கு?” என்று அடுத்த வீட்டில் கொடுத்து மன்றத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டார். அதற்கும் தலையாட்டினேன். பூம்பூம் மாட்டுக்குக்கூட அப்படி ஒரு தலையாட்டல் வராது.

போட்டி சனிக்கிழமை. சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு என்கூடப் பாண்டிக்கு வந்த அத்தானுக்கு அதில் ஒரே மகிழ்ச்சி. ஆட்டம் பதினொரு மணிக்கு. அதற்கு முன்னால் மேசையைப் பழகிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் கால்மணி நேரம் தந்தார்கள். எனக்கு விழுந்த முறை பத்து மணி. கால்மணி நேரம் எனக்கு அமுதம். நாற்பது ஐம்பது தடவை தட்டியிருக்கலாம்; கண் முழுக்க மாறாவிட்டாலும் பாதியாவது மாறியிருக்கும். நான் எழுந்தபோது அத்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “பத்தரை வரைக்கும் ராகு காலம். கோல அவுக்காத” என்றார். அதிகாரி என் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார். அத்தானின் பிடி இறுகியது. நான் எழுந்து நின்று, “பரவால்ல சார், வேண்டாம்” என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “தம்பிக்குப் பழக வேண்டியதில்லையாம்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். நினைக்க மாட்டாரா?

பதினொரு மணிக்கு அத்தான் துணியைப் பிரித்துக் கோலைக் கொடுத்தார். மஞ்சள் காய்ந்து, இடதுகை விரல்கள்மேல் மரம் வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் சொரசொரவென்று பொருக்குத் தட்டியிருந்தது. வேட்டியில் துடைத்தேன். நேராக அடிக்கிற அடிகள் எல்லாம் சரியாகவே போயின. பிறகு சுழலவிட வேண்டிய முதல் பந்து வந்தது. பழைய வழக்கப்படி என் கண் வலப்பக்கம் ஒதுங்கிக் குறி வைத்தது. கோல் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தது. நான் காட்டிய இடத்துக்கே பந்தை அனுப்பியது, நான் காட்டியது தப்பான இடம். அடுத்த முறை ஒதுக்கத்தைப் பாதியாகக் குறைத்தேன். அதற்கு அடுத்த முறை பயந்துபோய் நேராகவே வைத்தேன், பந்து விழுந்தது. நாலாவது முறை கை தன்னால் பழையபடி ஒதுங்கிவிட்டது. அதன்பிறகு எதை நம்பி அடிப்பது என்றே தெரியவில்லை. எதிரே ஆடியவன் காரைக்கால் மன்றத்துக்கு வந்திருந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பான். அவனுக்கு வேலை கிடைத்தது. திரும்பும் பேருந்து சிதம்பரத்தில் நின்றபோது, டீ குடித்துவிட்டு அத்தான், “உன் நேரம் சரியில்ல மாப்ள. விடு” என்றார். என் நேரமாம்!

இப்போது இதற்கென்றே கோல் விற்கிறார்கள். லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட் என்று பெயர். வெள்ளைப் பந்து விலகாத முன்கோலாம். எந்த மரம், உள்ளே எவ்வளவு குடைந்தது, நுனி எத்தனை மில்லிமீட்டர் என்று பேரன் கைப்பேசியில் காட்டினான். வாங்கியதும் பழைய பழக்கம் போகச் சில வாரங்கள் ஆடிப் பழகுங்கள் என்று விற்கிறவனே சொல்கிறான். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். தாத்தாவுக்கு என்ன கோபம் என்று அவனுக்குப் புரிந்திருக்காது.

எனக்கு நிரந்தர வேலை கிடைக்க அதற்குப் பிறகு ஏழு வருடம் ஆனது. கல்யாணமும் அதனால் தள்ளிப் போனது. அந்த ஏழு வருடமும் அத்தான் அந்தக் கதையைத் தன் போக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிந்து என் மாமனாரும் மாமியாரும் கோட்டுச்சேரிக்கு விருந்துக்கு வந்தபோதும் இலையில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார். “கோலு ராசியான கோலுதாங்க. நம்ம மாப்ள கோட்ட விட்டுட்டான்.” பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டேன். “பூட்டி வச்சது யாரு அத்தான்? ஒரு மாசம் கைல குடுத்திருந்தா எனக்கு இந்த ஏழு வருசம் போயிருக்குமா? ராகு காலம்னு கையப் புடிச்சு உக்கார வச்சது யாரு?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமனார் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. அத்தான் நிஜமாகவே திகைத்துப்போய்ப் பார்த்தார். “நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. ஒரு வார்த்த கேட்டியா மாப்ள?” என்றார்.

கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அக்கா பின்னாலேயே வந்து கை கழுவச் சொம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

“கேட்டாலும் அவரு குடுத்திருக்க மாட்டாருடா” என்றாள் மெதுவாக.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருடத்தில் என் பக்கம் பேச ஓர் ஆள்.

“ஆனா பீரோ சாவி அவர்ட்ட ஏது? என் இடுப்புலதான் கெடந்துச்சு. அவரு கடைய சாத்திட்டு வர எட்டு மணி ஆவும். நீ தினமும் வந்து அந்தப் பீரோவயே பாப்ப. அக்கா, கொஞ்சம் தொறந்து வுடேன்னு கேப்ப, கேப்பன்னு ஒரு மாசம் பாத்தேன்.”

“நீயாத் தொறந்து குடுத்திருக்கலாம்ல?” என்று அவளிடமும் கத்தினேன்.

“உனக்கு வேணும்னு எனக்கு எப்படிடா தெரியும்? அவரு சொன்னதுக்கெல்லாம் நீயுந்தான தலைய ஆட்டுன.”

சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாயசம் பரிமாற உள்ளே போனாள்.

அத்தான் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. போனவர்மேல் இன்னும் என்ன கோபம், விட்டுவிடுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவரை விட்டால் அடுத்து கோபப்பட வேண்டிய ஆள் நான்தான் என்பதால் விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன்.