தேதி பேக்கேஜும் அதை நம்பிய மூன்றும்

மகள் பிறந்தபின் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யக் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தேன். ஒரு மாதம் பார்க்கலாம், சொதப்பினால் தினமும் ஆபீஸ்தான் என்றார் எங்கள் டீம் லீட். தினமும் என்றால் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரு போய், இருட்டியபின் திரும்புவது. நான் போகும்போதும் மகள் தூங்குவாள், வரும்போதும் தூங்குவாள். பத்து மாதக் குழந்தையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துப்போக நான் என்ன விருந்தாளியா?

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை கரண்ட் போனது, கூடவே வைஃபையும். போனில் டேட்டா கொஞ்சந்தான் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கான எங்கள் மென்பொருள் நாற்பது பேக்கேஜாக, அதாவது நாற்பது தனித்தனித் துண்டாக, ஒரே ரெப்போ என்ற கிடங்கில் கிடக்கும். சும்மா இன்ஸ்டால் என்று அடித்தால் நாற்பதுக்கும் தேவையானதெல்லாம் இறங்கி டேட்டாவை முழுங்கிவிடும். எனக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்று, நான் அன்று மாற்றியிருந்த, தேதியை எழுதிக்காட்டும் பேக்கேஜ். அதன் பெயரை பில்டரில் போட்டு, இன்ஸ்டாலையும் டெஸ்ட்டையும் அதற்கு மட்டும் ஓட்டினேன். எல்லாம் பச்சை, பாஸ். டெஸ்ட் சர்வருக்கு அனுப்பிவிட்டு, நம்மை அடிச்சிக்க ஆளில்லை என்று காலை நீட்டி உட்கார்ந்தேன்.

கால்மணி நேரத்தில் லீட் போன் செய்தார். "வருகைப் பதிவு ஓபனே ஆகல. டைம்டேபிளும் அப்படித்தான். டெஸ்ட் ஓட்டினீங்களா?"

"ஓட்டினேன் மேடம். பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். காலையிலிருந்து மகளை அவர்தான் இடுப்பில் வைத்திருந்தார்.

"இன்னாம்மா, கொழாயில தண்ணி வந்து நின்னே போச்சு. உன் ட்ரம்மு ரெண்டையும் ரொப்பிட்டேன். உனுக்கு ஒண்ணு போதும். எதிர்வூட்டு பெருசு உன் ட்ரம்ம நம்பித்தான கீறாரு, அவருக்கு யாரு ரொப்புவா?"

எனக்கு அங்கேயே உறைத்தது. தேதி பேக்கேஜை மட்டும் ஓட்டிய நான், அதை நம்பியிருப்பவை எவையென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பில்டரில் பெயருக்கு முன்னால் மூன்று புள்ளி வைத்தால் அவையும் சேர்ந்து ஓடும். தெரியாததா என்ன? டேட்டாவில் கஞ்சத்தனம், அவ்வளவுதான். புள்ளி வைத்து இன்ஸ்டால் அடித்தேன். பாதியில் டேட்டா தீர்ந்தது. அக்கா ஒன்றும் கேட்காமல் தன் போனை நீட்டினார். டெஸ்ட் ஓடியது. வருகைப் பதிவு, டைம்டேபிள், தேர்வு, மூன்றும் சிவப்பு. திருத்த வேண்டியது ஒரே வரி. திருத்தி அனுப்பிவிட்டு லீடைக் கூப்பிட்டேன்.

"தப்பு என்னோடதுதான் மேடம். அதை நம்பியிருந்த மூணையும் நான் ஓட்டல."

போச்சு, நாளையிலிருந்து ரயில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இனிமே சேத்தே ஓட்டுங்க" என்றார் அவர். "வீட்டு நாள் அப்படியே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு மகளை வாங்கிக்கொண்டேன். ரொம்ப அழுதாளா என்று அக்காவைக் கேட்டேன்.

"அழுவல. உன் கதவையே பாத்துனு இருந்தா."

அழுதது நான்தான்.