குணவதியின் பஸ் வீடு

எண்பத்தாறாம் ஆண்டு, ஏவன்டேல் புறநகரில் குணவதி வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். தனியாக வாழ்ந்த நர்ஸ் அவள். வேறு வீடு பார்ப்பாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவளோ ஒரு பழைய பெட்ஃபோர்ட் பஸ்ஸை வாங்கினாள். உள்ளே கட்டிலும் அடுப்பும் அலமாரியும் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. அவள் சுவாமிப் படத்தை மாட்டிக் குடிபுகுந்தாள்.

ஹில்ஸ்பரோவிலிருந்து அண்ணன் குலசிங்கம் கோபத்தோடு வந்து பஸ்ஸில் ஏறினார்.

"பஸ்ஸுக்குள்ள ஆரும் குடியிருப்பினமே? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் அண்ணை. நீங்கள் இருங்கோ" என்றவள் வண்டியைக் கிளப்பினாள்.

"எங்கையடி போறாய்?"

"முரிவாய்க் கடற்கரைக்கு. மிச்சத்தை அங்க வந்து பேசுங்கோ."

வழியிலிருந்த மாசிப் புறநகரைத் தாண்டும்வரை அவர் திட்டிக்கொண்டே வந்தார். மேட்டில் பஸ் முக்கி முனகி ஏறியபோது பயத்தில் வாயை மூடிக்கொண்டார். கடற்கரையில் அவள் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கொடுத்தாள். அலையைப் பார்த்தபடி வயிறாரச் சாப்பிட்டவர், கட்டிலில் சாய்ந்து குறட்டை விட்டார்.

அதன்பின் பல வருடங்கள் குணவதி அந்தப் பஸ்ஸில்தான் வாழ்ந்தாள். அவள் எங்கே நிறுத்தினாலும் சனிக்கிழமைகளில் அண்ணன் தேடி வந்துவிடுவார், கையில் ஒரு தலையணையோடு.