கோட்டுப் பையில் பத்து ஃப்யூஸ்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கொச்சியில் கொச்சங்காடிக் கிடங்குகளில் வயரிங் வேலை பார்த்து, லைசென்ஸ் எடுத்து, பிறகு ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியின் எலக்ட்ரிக்கல் லேபில் உதவியாளாகச் சேர்ந்தேன். டீச்சர் போர்டில் சர்க்யூட்டை வரைந்து பாடத்தை முடித்துவிடுவார். அதை வயரால் எப்படி இணைப்பது என்று சொல்லித்தருவது என் தலையில்.

முதல் வருடத்தில் எல்லாப் பிரிவுக்கும் இந்த லேப் உண்டு. மெக்கானிக்கல்காரர்கள் திருகாணியை உடையும்வரை முறுக்குவார்கள். சிவில்காரர்களுக்கு எந்த மீட்டரும் ஒன்றுதான். அவர்களைக்கூடச் சமாளிக்கலாம். என் தூக்கத்தைக் கெடுப்பது கம்ப்யூட்டர் பிரிவு. எதையும் முதலில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், தப்பு வந்தால் அப்புறம் திருத்துவார்கள். அவர்கள் பாடத்தில் அதுதான் முறையாம். இருநூற்று முப்பது வோல்ட்டில் அதை யார் உடம்பில் ஓடவிடுவது? ஒரு பிள்ளைக்கு ஷாக் அடித்தால் அதன் வீட்டில் போய் நான் என்ன சொல்வேன்?

பயம் தாங்காமல் இந்த வருடம் பத்து மேசைகளின் ஃப்யூஸையும் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். இணைப்பை நான் பார்த்துச் சரியென்றால்தான் ஃப்யூஸ் கிடைக்கும்.

"ரேஷன் கடை போல வரிசையில நிக்கணுமா சேட்டா?" என்று கேட்டாள், கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கும் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி.

"உயிரோட நிக்கறதுக்குத்தான் மோளே இந்த வரிசை."

அன்றைக்கு அவள் மேசையை இரண்டு தடவை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஃப்யூஸைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன், பல்பு எரிந்தது. நாலடி நடந்திருப்பேன். மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தால், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு வயரைக் கழற்ற அதன் திருகாணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பாய்ந்து போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

"என்ன பண்ற நீ?"

"வயரு குறுக்க போகுது சேட்டா. நீட்டா வைக்கலாம்னு."

"கரன்ட் இருக்கறப்பவா?"

"நீங்கதான் செக் பண்ணியாச்சே. இனி என்ன பேடி, என்ன பயம்?"

இவளைக் காப்பாற்ற நான் போட்ட சட்டம்தான் இவளுடைய பயத்தையே போக்கிவிட்டிருக்கிறது. சுவிட்ச் போட்டபின் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று சத்தம் போட்டேன்.

உடனே கட்டிக்கொண்டாள். "அப்ப மீட்டர் ரீடிங் யாரு எழுதுவா சேட்டா?"

அன்றைக்குப் பத்து மேசைக்கும் நான்தான் எழுதினேன்.