விசாலம் அம்மா கொண்டுவந்த தட்டு

இட்லி வியாபாரம் முடிந்து கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் செல்வி போனை வைத்துவிட்டு, "மாமா, சீனியரம்மா தவறிட்டாங்க" என்றாள்.

மாட்டுங்கா வக்கீல் விசாலம் அம்மாவைப் பழகி அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எழுதப் படித்ததே போன வருஷம்தான். அவர் பெயரை என் கையாலேயே எழுதுவது இந்தத் துக்கத்திலும் சந்தோஷமாக இருக்கிறது.

செல்வி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு சட்டம் முடித்தாள். கோர்ட்டில் நிற்க, வக்கீல்களின் பார் கவுன்சிலில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவள் நல்லவள் என்று ஒரு வக்கீல் கையெழுத்துப் போட வேண்டும். கிடைப்பதும் முதலில் தற்காலிக அனுமதிதான். ஒரு சீனியரின் கீழ் வேலை பழகிக்கொண்டே பரீட்சை தேற வேண்டும். தாராவி முகவரியைப் பார்த்தவர்கள், "அப்புறம் வாங்க" என்றார்கள்.

கேட்கிற முறையில் கேட்கவில்லை போலும் என்று விசாலம் அம்மாவின் ஆபீசுக்கு நானே கிளம்பினேன். தாம்பாளத்தில் வெற்றிலை, தேங்காய், பழம், பூ. பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். செல்வி வெட்கப்பட்டு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு கேக்க வந்தேளா? எனக்கு அறுபத்தஞ்சு ஆயாச்சே!" என்றார் விசாலம் அம்மா.

"இல்லம்மா, குடுக்க வந்திருக்கேன்."

ஆபீசே சிரித்தது. ஆனால் அவர் தட்டைத் தொடவில்லை. "எடுத்துண்டு போங்கோ, யோசிக்கறேன்" என்றார். காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று வழியெல்லாம் பயம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்தில் பட்டுப்புடவையோடு வந்து நின்றார் விசாலம் அம்மா. கையில் பித்தளைத் தட்டு.

"கேக்கறவாதானே தட்டு கொண்டுவரணும்? கேக்கறது நான்" என்றவர், என் மனைவியிடம் திரும்பினார். "கவுன்சில் அனுமதிக்கு நான் எழுதித் தரேன். அதுக்கு முன்னாடி உங்க அனுமதி வேணும். கேஸ் இருந்தா இவ வர நாழியாகும். வீட்டுல விருந்தாளின்னாலும் வரமாட்டா. சம்மதமா?"

மனைவி மகனைப் பார்த்தாள். "ஏலே, ஒனக்குச் சோறு வடிக்கத் தெரியுமால?"

அவன் தலையாட்டினான்.

"அப்ப கூட்டிட்டுப் போங்கம்மா."

அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

செல்விக்குப் பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. சுடுகாட்டிலிருந்து நான் திரும்பியதும், "இனி யார் கீழ நிப்பேன் மாமா?" என்று அழுதாள்.

காரியம் முடிந்த மறுநாள், அம்மாவிடம் முன்பு ஜூனியராக இருந்த செம்பூர் வக்கீல் ஒருவர் வந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் ஆப்பிள். செல்வியைத் தன்னிடம் அனுப்பச் சொல்லித் தயங்கித் தயங்கிக் கேட்டார். என் மனைவி உள்ளே போய் அந்தப் பித்தளைத் தட்டை எடுத்துவந்தாள்.

"இதுல வச்சுக் கேளுங்க தம்பி."

வைத்துக் கேட்டார். கொடுத்தோம்.

விசாலம் அம்மாவுடையது என்று எங்களிடம் இருப்பது அந்தத் தட்டுதான். புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். ஒருநாள் செல்வி அதை எடுத்துக்கொண்டு இன்னொரு பெண்ணின் வீட்டுப் படியேற வேண்டும்.