தம்பிக்குள் என் ரத்தம்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் லிஃப்டுக்குள் நின்று போவார்கள். அவன் அதன் கூரைமேல் குந்தி, கம்பி வடத்தைப் பார்த்தபடி போவான். என் சலவைக் கடைக்கு வரும் துணிகளிலேயே அவனுடையதுதான் மகா மோசம். அத்தனை கிரீஸ். எங்களுக்கு எதிலும் ஒத்துப்போனதில்லை. நான் கிழக்கே என்றால் அவன் மேற்கே என்பான்.

அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அவனுடைய நோய் செல்களில் ஒரு மரபணு மாறிப்போயிருக்கிறதாம். அந்த மாற்றம் இருப்பவர்களுக்கு, பொருந்தும் ஒருவரிடமிருந்து ஸ்டெம் செல், அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூல செல், எடுத்து ஏற்றிய பிறகும் நோய் திரும்ப வாய்ப்பு அதிகமாம். அது துப்புரவாகப் போயிருக்கிறதா என்பதைப் பிறகு எலும்பு மஜ்ஜையைச் சோதித்துத்தான் சொல்ல முடியுமாம். தம்பி பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. ஆயுளில் முதல் தடவையாக ஒத்துப்போனோம்.

என் செல்களை அவனுக்கு ஏற்றினார்கள். முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தனி அறையில் கிடந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை நாள் அழுதிருப்பேன்! ஒருவழியாகத் தேறி வீட்டுக்கு வந்தான். சில மாதம் கழித்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பரிசோதனைக் கூடத்திலிருந்து கடைக்கு போன் வந்தது. மாதிரி மாறிவிட்டதாம், பெயர் ஆணுடையது, செல்களெல்லாம் பெண்ணுடையது, திரும்ப எடுக்க வேண்டுமாம். வந்ததே எனக்குக் கோபம்! பிள்ளை எவ்வளவு வலியைத் தாங்கினான், வேலையைக் கவனமாகப் பார்க்கத் தெரியாதா என்று பேசியவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அந்த ஆள் பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடியிருக்கிறார். சற்று நேரத்தில் டாக்டரம்மாவே கூப்பிட்டார்.

"எதுவும் மாறலம்மா. அக்கா குடுத்ததுன்னு எழுதாம அனுப்பிட்டோம், தப்பு எங்களோடது. அதுல இருக்கிறது முழுக்க உங்க செல்லுதான். அந்த மரபணு மாற்றத்தையும் தேடிப் பாத்தாச்சு, இப்ப எங்கயும் தென்படல."

துவைக்கக் கிடந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பேன்ட் வாங்க வந்தவர் மிரண்டுபோய், நாளைக்கு வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

இப்போது தம்பி வேலைக்குப் போகிறான். தன் உடம்பில் ஓடுவது பொம்பளை ரத்தம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். வீடு பழையபடி கலகலப்பாக இருக்கிறது. ஆனால் சோதனை அத்தோடு முடிவதில்லை. அவ்வப்போது போக வேண்டும். போன வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டான்.

"அக்கா, அது திரும்பி வந்துட்டா?"

எனக்கும் அந்தப் பயம் இல்லாமலா? அப்படி வந்தால் என்னிடமிருந்தே மறுபடி எடுத்து ஏற்றிப் பார்க்கலாம் என்பதை டாக்டரம்மாவிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

"வந்தா இன்னும் கொஞ்சம் வாங்கிக்கடா. என்கிட்ட தீர்ந்தா போச்சு?"

 உள்ளே கூப்பிடும்வரை என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.