சும்மா கொடுத்த லினக்ஸ்

கம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் கம்பியூட்டர் சின்னப் பங்குதான். மிச்சம் முழுவதும் அதன் சொந்தக்காரர். "உமக்குக் கம்பியூட்டர் தெரியும்தானே, ஒருக்கா வந்து பாரும்" என்ற ஒற்றை வசனத்தால் ஞாயிற்றுக்கிழமைகளைப் பறிகொடுத்தவர்கள் இதை வாசிக்கும்போதே தலையாட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் நான் வெள்ளவத்தையில் பாரூக் நானாவின் கடையில் வேலை செய்தேன். காலி வீதியில், ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடி. முதலாளி அவர், திருத்துவது நான், வேறு ஆள் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். பதிவு முடிகிற ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். அப்போது கேட்கிற முதல் கேள்வி, கொழும்பில் நிற்க என்ன காரணம் என்பதுதான். என் காரணம், இவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்று நானாவின் கடைத் தலைப்புத் தாளில் எழுதிய ஒரு கடிதம். அது இல்லையென்றால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

லோயர் கடிதம்

ஒருநாள் பதிவுத் தபாலில் கடையைத் தேடி ஒரு கடிதம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸைப் பிரதி எடுத்து மற்றவர்களின் கம்பியூட்டரில் போடுகிறீர்கள், நிறுத்தாவிட்டால் கோர்ட்டில் சந்திப்போம் என்று ஒரு லோயர் எழுதியிருந்தார். பொய் என்று சொல்ல வழியில்லை. திருத்துவது என்றால் அந்தக் காலத்தில் முக்கால்வாசி விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவதுதான். அந்த ஒரு சீடியை நான் போட்ட போட்டில் அதன் முகம் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

நானா கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். நோன்புப் பெருநாள் வரை பார்ப்பேன், வழி பிறக்காவிட்டால் கம்பியூட்டர் வேலையை நிறுத்திவிடுவேன் என்றார். கடை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் கொழும்பு போகும். உடனே, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸைப் பற்றிப் பிரசங்கம் தொடங்கினேன். காசில்லை, கள்ளமில்லை, யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், உன் பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்காத சாமான் இது என்றேன். எனக்கு அதில் உண்மையாகவே ஒரு வெறி இருந்தது. பெயரும் ஊரும் கேட்காத எதைக் கண்டாலும் அந்த நாட்களில் எனக்குப் பிடிக்கும். நானா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வெளங்கின சாமான சல்லிக்கு விக்கிறதே கஷ்டமா ஈக்கி. நீங்க வெளங்காத சாமான சும்மா குடுக்கச் செல்றீங்களே புள்ள."

பார்சலைத் திறந்து காட்டவும்

லினக்ஸ் சீடிகளை வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். கேட்டால் போதும், பத்து வரும். எனக்கும் வந்தது. ஆனால் வீட்டுக்கு வராமல், அடையாள அட்டையோடு வந்து பார்சலைத் திறந்து காட்டவும் என்று ஒரு துண்டு வந்தது. போனேன். சுங்க அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு சீடியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன விலை என்று சிங்களத்தில் கேட்டார். விலையில்லை என்றேன். தபால் செலவு யாருடையது? அவர்களுடையது. அவர்கள் உனக்கு யார்? யாருமில்லை. நீ எதையாவது திரும்ப அனுப்ப வேண்டுமா? வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் கறுத்தது. என்னிடம் இருந்ததெல்லாம் உண்மை மட்டும்தான், அதுவோ சொல்லச் சொல்ல மோசமாகக் காதில் விழுந்தது.

கடைசியில் பக்கத்து மேசைக்காரரையும் அழைத்தார். இருவரும் சேர்ந்து உறையில் எழுதியிருந்ததை முழுக்க வாசித்தார்கள். பிறகு முதலாமவர் முத்திரை குத்தி, பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு தகப்பனின் கவலையோடு என்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்துச் சொன்னார்:

"கொண்டு போ நங்கி. ஆனால் சும்மா தருகிறவர்கள் பிறகு வந்து என்ன கேட்பார்கள் என்று யோசித்து வைத்துக்கொள்."

கனடா அங்கிள்

முதல் வாடிக்கையாளராக நான் தெரிந்தெடுத்தது கடற்கரைப் பக்கத்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்த ஓர் அங்கிளை. இளைப்பாறிய கணக்காளர். கம்பியூட்டருக்குப் பூப்போட்ட துணி தைத்துப் போட்டிருப்பார். கனடாவிலிருக்கும் மகனோடு முகம் பார்த்துக் கதைப்பதைத் தவிர அந்தப் பெட்டியால் அவருக்கு வேறு உபயோகம் இல்லை. அதற்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். நான் விளக்கினேன். இப்போது உங்களிடம் இருப்பது களவாகப் பிரதி எடுத்தது அங்கிள், இது நேர்மையானது, அதுவும் இலவசம் என்றேன். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே அவர் மனைவி, எங்கள் அன்ரி, அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஏதோ நிவாரணப் பொதி கொண்டுவந்து நீட்டியது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. மேல் மாடிக்காரர் என்ன போட்டிருக்கிறார் என்று அன்ரி விசாரித்தார். அவர்கள் எல்லாரும் விண்டோஸ்தான் என்றேன், பொய் சொல்லத் தெரியாத வாய். அங்கிள் எழும்பி நின்று முடிவைச் சொன்னார்:

"என்ர மகன் கனடாவில இருக்கிறான், பிள்ளை. எங்களுக்குச் சும்மா தாற சாமான் தேவையில்லை. நீர் அந்தக் கள்ளச் சீடியையே போடும்."

மூடி இல்லாத பெட்டி

எங்கள் கடையில் திருத்திய எந்தக் கம்பியூட்டருக்கும் பக்கத்து மூடியைப் பூட்ட மாட்டோம். ஆணிகளை ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுவோம். கொண்டுபோகிற வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றிலும் கழற்றிப் பூட்டினால் விடிந்துவிடும். ஆகவே குடலைக் காட்டிக்கொண்டு மடியில் வைத்துப் போவதுதான் வழக்கம். அப்படி ஒரு பெட்டியோடு கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போகும்போது ஓர் இளம் ஆமிக்காரர் மறித்தார். உள்ளே பார்த்தார். இது மெமரி, இது ஹார்ட் டிஸ்க், இது காற்றாடி, இது தூசி என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவர் போகச் சொல்லவில்லை. ஊரில் தங்கச்சியின் கம்பியூட்டர் பாதியில் நின்றுவிடுகிறதாம், ஏன் என்று கேட்டார். வைரஸ் என்றேன். வைரஸ் என்றால் என்ன என்று அடுத்தவர் கேட்டார். அவ்வளவுதான், என் பிரசங்கம் தொடங்கிவிட்டது. வைரஸ் வராத ஒன்று இருக்கிறது என்று பையிலிருந்து ஒரு லினக்ஸ் சீடியை எடுத்துக் கொடுத்தேன். எங்களுக்குப் பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்துக் களைத்து ஓய்ந்தன. ஒருவழியாக விட்டார்கள். ஓட்டோக்கார அண்ணன் சாவடியைத் தாண்டியதும் சொன்னார்:

"குண்டு இல்லன்னு அவனுக்கு ரெண்டு நிமிசத்துலயே தெரிஞ்சிருச்சு தங்கச்சி. மத்த நேரமெல்லாம் நீங்க நடத்துன டியூசனுக்குத்தான்."

பெயர் என்ன?

அந்தப் பெட்டி ஜெரோம் அண்ணனுடையது. கொட்டாஞ்சேனையில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு, துறைமுகத்தில் கிளார்க் வேலை. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல மனிதர் என்று சொல்வேன், ஏனென்றால் லினக்ஸ் போடவா என்றதும் சரி என்றார். நான் ஆகாயத்தில் நடந்தேன். சீடியைப் போட்டேன். பெயர் கேட்காத சாமான் என்று ஊர் முழுக்க நான் விரிவுரை செய்த அதே லினக்ஸ், இரண்டாவது திரையிலேயே உங்கள் பெயர் என்ன என்று கேட்டு நின்றது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழ் ஆட்கள் ஓர் இயந்திரத்திடம் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரச் சிங்கள மாத்தயாவின் பெயரைப் போடச் சொன்னவர்கள் உண்டு, நாயின் பெயரைப் போடச் சொன்னவர்கள் உண்டு. ஜெரோம் அண்ணன் அந்தோனியார் பெயரைப் போடச் சொன்னார். ஒரு கிழமையில், பிள்ளைகளின் கார் ஓட்டுகிற கேம் வேலை செய்யவில்லை என்று பெட்டி திரும்பி வந்தது. மனம் நொந்து விண்டோஸைப் போட்டேன். அதுவும் பெயர் கேட்டது. தொலைபேசியில் அழைத்து, இந்த முறையாவது சொந்தப் பெயரைப் போடவா என்றேன்.

"வேணாம்மா, அந்தோனியாரே இருக்கட்டும். அவரு பேரு எந்த லிஸ்ட்ல இருந்தாலும் அவரை யாரும் கூட்டிக்கிட்டுப் போக மாட்டாங்க."

சார்ஜன்ட் கடைக்கு வந்தார்

பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் படியேறி வந்தார். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். நானா லோயர் கடிதத்தை நினைத்துக் கதிரையைவிட்டு எழும்பி நின்றார். ஆனால் சார்ஜன்ட்டின் முகத்தில்தான் வெட்கம் வழிந்தது. நிலையத்துக் கம்பியூட்டரின் திரை கறுத்துப்போய், இது அசல் பிரதி அல்ல என்று ஒரு வசனம் எழும்பி நிற்கிறதாம். மேலதிகாரி பார்ப்பதற்குள் திருத்த வேண்டும், கூடவே வரச் சொன்னார். காலி வீதியில் சீருடைக்காரருக்குப் பக்கத்தில் நான் நடந்து போனேன். சேலைக்கடைப் பெண்கள் வாசலுக்கு வந்து, செத்த வீட்டில் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். நான் கையை ஆட்டிச் சிரித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நான் நிலையத்துக்குப் போய்ச் சேர முன்னமே, என்னோடு அறையில் இருந்த சுமதிக்கு மூன்று பேர் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். அவள் என் பிறப்புச் சான்றிதழ், வீட்டுக்கார அம்மாவின் கடிதம், ஒரு மாற்றுடுப்பு, சவர்க்காரம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். உள்ளே நான் சார்ஜன்ட்டின் சுழல் கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுமதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீ கதிரையில இருக்கிறாய், அவர் நிக்கிறார். என்னடி நடக்குது?"

பிரதி எடுத்தேன்

அங்கே நான் லினக்ஸைத்தான் போட்டேன். பொலிஸுக்குக் கள்ளச் சீடி போட எனக்கு நெஞ்சுரம் இல்லை. அழிப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பதிவேடு இருந்தது. அறைகளில், லொட்ஜ்களில் தங்கியிருந்த எங்கள் எல்லாருடைய பெயரும் ஊரும் வந்த காரணமும். சுமதி இருந்தாள். நானும் இருந்தேன், வயதில் நான்கைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பட்டனை அமத்தினால் அத்தனை பேரும் காணாமல் போய்விடுவோம். ஆசை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் கை பழகிய கை. அழிப்பதற்கு முன் பிரதி எடு என்பது தொழிலின் முதற் பாடம். என்னை அறியாமலே எல்லாவற்றையும் பத்திரமாகப் பிரதி எடுத்துவிட்டு, பிறகு வடிவாகத் திரும்பவும் வைத்தேன். வயதை மட்டும் திருத்தினேன்.

அறைக்கு வந்து சுமதிக்குச் சொன்னேன். எல்லாப் பெயரையும் அழித்திருக்கலாமே என்று அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டாள். அழிந்தால் எல்லாரும் திரும்ப வெயிலில் வரிசையில் நின்று முதலிலிருந்து பதிய வேண்டும், உனக்கு அதுவா விருப்பம் என்று கேட்டேன். அவள் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"அதுவும் சரிதான். ஆனா என்ர வயசிலயும் ஒரு ரெண்டைக் குறைச்சிருக்கலாம்."

கொழும்பில் நிற்க என்ன காரணம்?

பெருநாள் முடிந்தது. நானா சொன்னபடி கம்பியூட்டர் வேலையை நிறுத்திக் கடையை மூடினார். என்னைக் கூப்பிட்டு, கடைத் தலைப்புத் தாள் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது, கடை இல்லாவிட்டாலும் கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். ஆனால் பொலிஸ் தொலைபேசி எடுத்து விசாரித்தால் அவருக்கும் வில்லங்கம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை என் பதிவு முடிந்தது. பெட்டியைப் பாதி அடுக்கி வைத்துவிட்டு, கடிதம் இல்லாத வெறுங்கையோடு வரிசையில் போய் நின்றேன். வீட்டுக்குத் திரும்பினால் எந்த வழியால் திரும்புவது என்றுகூட எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கனகாலம்.

மேசையில் அதே சார்ஜன்ட் இருந்தார். காரணம் கேட்டார். கடை மூடியாயிற்று, காரணம் ஒன்றும் இல்லை சேர் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். அதில் மூன்று நாட்களாக ஏதோ ஒரு கேள்வி எழும்பி நிற்கிறதாம். ஆமென்பதா இல்லையென்பதா என்று யாருக்கும் விளங்காமல், ஒருவரும் தொடாமல் வைத்திருந்தார்கள். நான் மேசையைச் சுற்றி வந்து ஆமென்று அமத்திவிட்டேன். திரை தெளிந்தது. சார்ஜன்ட் பெருமூச்சு விட்டு, இரண்டு விரலால் நிறைய நேரம் தட்டி, பதிவுத் துண்டை அச்செடுத்து என்னிடம் நீட்டினார். காரணம் என்று என்ன போட்டீர்கள் என்று கேட்டேன்.

"இந்தக் கம்பியூட்டருக்குத் தேவை என்று போட்டேன். நீ ஊருக்குப் போனால் இதை யார் நங்கி பார்ப்பது?"

ஆக, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத சாமான் என்று கொழும்பு முழுக்கப் பிரசங்கம் செய்த நான், அந்தச் சாமானைத் திருத்துவதற்காகக் கொழும்பில் இருக்கலாம் என்ற அனுமதியை, யுத்தம் முடியும்வரை அதே மேசையில் வரிசையில் நின்று புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.