வெள்ளைத்துரையின் இடது கால்

தி. நகரில் வளைகாப்புப் புடவை எடுத்தவர்களுக்கு வெள்ளைத்துரையின் வாய் தெரியும், கால் தெரியாது. திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வந்து, ராஜரத்தினம் முதலாளியின் ஜவுளிக்கடையில் விற்பனையாளராக நின்றே தேய்ந்த கால் அது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போய், இடது கட்டைவிரலுக்குக் கீழே புண் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. தரையில் ஈரக்கறையைப் பார்த்து மனைவி தங்கம்தான் கண்டுபிடித்தாள்.

ஒரு வருஷமாகியும் ஆறவில்லை. காலை ஊன்றாதீர்கள் என்று டாக்டர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். மனிதர் கேட்டால்தானே! வலிக்காத காலை எதற்குத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்பது அவர் வாதம். இனியும் ஆறாவிட்டால் முன்பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொன்ன அன்றுதான் பயம் வந்தது.

அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் ஆறாத புண்களுக்குப் புதுச் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தங்கம் அவரை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மதுமதி பொறுமையாக விளக்கினார். வயிற்றில் குழந்தையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை, பிரசவத்துக்குப் பிறகு தாய்மார்கள் மனமுவந்து தருகிறார்கள். அதைச் சுத்தப்படுத்திப் புண்மேல் ஒட்டுவார்கள். பாதிப் பேருக்குச் சவ்வு, மீதிப் பேருக்கு வழக்கமான கட்டு. யாருக்கு எது என்பது ஆராய்ச்சி முடியும்வரை நோயாளிக்குத் தெரியாது. காலை ஊன்றக் கூடாது என்பது எல்லாருக்கும் பொது.

வெள்ளைத்துரையின் காதில் சவ்வு மட்டும்தான் ஏறியது.

"மல் துணி கணக்கா இருக்குமாம்மா?"

"அதைவிட மெல்லிசு."

"பிள்ளை ஆணா, பொண்ணா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் எங்களுக்கே தெரியாதுங்க."

கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் அந்தக் காலைத் தரையில் வைக்கவே இல்லை. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள், ஒரு குழந்தையின் போர்வையை எப்படி மிதிப்பார்? கக்கத்தில் ஊன்றுகோல் வந்தது. கடையில் முதலாளியிடம் கெஞ்சி ஒரு ஸ்டூல் வாங்கினார். வந்தவர்களுக்கு நேராகக் காலை நீட்டுவது மரியாதையில்லை என்று பக்கவாட்டில் திரும்பி, காலி அட்டைப்பெட்டியின் மேல் காலை வைத்துக்கொண்டு புடவை விரித்தார்.

"இன்னா மாமா, மாப்ள கணக்கா குந்திகினு கீறே?" என்று பக்கத்துப் பிரிவு அப்துல் கரீம் கேலி செய்தான்.

"போலே, காலுல பிள்ளை இருக்கு."

புடவை எடுக்க வரும் கர்ப்பிணிகளைப் பார்க்கும்போதெல்லாம், இப்படி ஒருத்திதானே கொடுத்திருப்பாள், அந்தப் பிள்ளை இப்போது தவழுமா, நடக்குமா என்று மனம் குடையும். புண்ணோ வாரத்துக்கு வாரம் சுருங்கி, கடைசியில் மூடியே போயிற்று.

ஆராய்ச்சி முடிந்ததும் மதுமதி இருவரையும் கூப்பிட்டார். "உங்களுக்குச் சவ்வு வைக்கலைங்க. வழக்கமான கட்டுதான்."

வெள்ளைத்துரை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் பிழைத்ததைவிட, பிள்ளை இல்லாமல் போனதுதான் அவருக்கு அந்த நிமிஷம் பெரிதாக இருந்தது.

"ஒரு ஆளை வச்சு எதுவும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "ஆனா ஒரு வருஷமா கேட்காதவர், இப்ப மட்டும் எப்படிக் காலை ஊன்றாம இருந்தீங்க?"

"பிள்ளையை எப்படிம்மா மிதிக்க?"

மதுமதி எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பிறகு, புண் திரும்ப வரலாம், வீட்டுக்குள்ளும் இந்த மெத்தைச் செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது என்று சொல்லி ஒரு ஜோடியைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் தங்கம் கேட்டாள்: "பிள்ளை இல்லன்னு தெரிஞ்சு போச்சு. நாளையிலேருந்து பழையபடி நடக்கப் போறியளா?"

அவர் கையிலிருந்த செருப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"மொகந்தெரியாத பிள்ளைக்குக் காட்டுன எரக்கத்துல கொஞ்சம் எனக்கும் காட்டுங்க. அந்தக் காலு எனக்கும் வேணும்."

வெள்ளைத்துரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, செருப்பின் பட்டையை மாட்டினார்.